மூச்சுக்கு ரெண்டு இன்ச்

2025 ஜூன் 4, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்று நாளாகிறது. இன்னும் பதினோரு யூனிபார்ம் பாக்கி. காலையிலிருந்து கரண்ட் வந்து வந்து போகிறது. காலால் மிதித்தே இரண்டு பாவாடை முடித்தேன். நாற்பத்து நான்கு வயதில் எங்கே வலிக்கிறது என்று கேட்பதைவிட எங்கே வலிக்கவில்லை என்று கேட்டால் சீக்கிரம் பதில் சொல்லிவிடுவேன்.

மதியம் அனுஷா கடைக்கு மாடியேறி வந்தாள். செஞ்சியில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. எங்களைப் போல ஐந்து திருநங்கைகளை வைத்துக்கொண்டு ஆட்டக்குழு நடத்துகிறாள். நானும் ஒரு காலத்தில் அவளோடு மேடையேறினவள்தான். வந்தவள் நேராகத் திரைக்குப் பின்னால் போனாள். "அமிர்தம், இங்க வந்து பாருடி" என்றாள்.

பார்த்தேன். இரண்டு தொடை இடுக்கிலும் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருக்கிறது. ஆடும்போது அடிவயிற்றுக்குக் கீழே ஒன்றும் தெரியக் கூடாதென்று பிளாஸ்திரியால் இழுத்து ஒட்டிக்கொள்வது. அதன்மேல் ஒரு சைஸ் சின்ன ஜட்டி இரண்டு. மேடைக்கு நாலு மணி நேரம் முன்னாலிருந்து தண்ணீர் கிடையாது, ஒண்ணுக்குப் போவது கிடையாது. பிளாஸ்திரியைப் பிய்த்தால் மறுபடி ஒட்டாதே.

நான் முப்பத்திரண்டு வயதில் ஆட்டத்தை விட்டதும் இதனால்தான். ஒண்ணுக்குப் போனால் ரத்தம் வந்தது. "ஏம்மா அடக்கி வெக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தெக்கிற. எங்களுக்கு இன்னாடி தெச்ச?" என்றாள் அனுஷா. கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். பன்னிரண்டு வருடமாக இந்த மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

ஜூன் 9

பனியன் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தேன். போட்ட பத்தாவது நிமிடம் தொங்கிப் போயிற்று. "எங்க தாத்தா கோவணம் கூட இதுக்கு மேல நிக்கும்டி" என்றாள் அனுஷா. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. காரணம் தெரியவில்லை.

ஜூன் 16

மூன்றாவது சரியாக வந்துவிட்டது. முன்பக்கம் இழுபடாத வலைத்துணி இரண்டு மடிப்பு, இரு பக்கமும் இழுபடும் லைக்ரா, அடியில் பட்டன் வைத்த பட்டை. கழற்றாமலே திறக்கலாம், மூடலாம். இடுப்பில் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். பிளாஸ்திரிக்கு வேலையே இல்லை.

அனுஷா நேற்று அதைப் போட்டுக்கொண்டு ஆடினாளாம். காலையில் போன்: "நடுவுல போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வந்து மறுபடி ஆடுனேன்டி!" பரிசு வாங்கின மாதிரிக் கத்துகிறாள். மற்ற ஐந்து பேருக்கும் வேண்டுமாம்.

இன்று ஒரு நாள் மட்டும் சந்தோஷமாக இருந்துகொள்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அனுஷா ஒரு பையனைக் கூட்டி வந்தாள். செந்தமிழன். இருபத்திரண்டு வயது. வல்லத்துப் பக்கம் ஒரு கிராமம், கிறிஸ்தவக் குடும்பம். பிறந்தபோது பெண் என்று எழுதிவிட்டார்கள். வீட்டைவிட்டு வந்து ஒரு வருடமாக அனுஷாவிடம் இருக்கிறான். குழுவில் ராஜா வேஷம் இவனுக்குத்தான். ஆளுயரத்துக்கு எகிறிக் குதிக்கிறான் என்று அனுஷா பெருமையடிக்கிறாள்.

நெஞ்சு தெரியாமலிருக்க, சுளுக்குக்குக் கட்டுவார்களே அந்தப் பேண்டேஜை நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறான். ஆட ஆட அது இறங்கிவிடுமாம். பாட்டு மாறும் நேரத்தில் திரும்பி நின்று மேலே இழுத்துவிட்டுக்கொள்வானாம்.

டேப்பை எடுத்தேன். சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டான். "டேப்லாம் வேணாங்க்கா." எனக்குப் புரிந்தது. அந்த வயதில் என்னையும் யாராவது தொட வந்தால் அப்படித்தான் போவேன். "சரிடா, அளவுக்கு ஒண்ணு இருந்தா எடுத்துக்கினு வா" என்றேன்.

எல்லோரிடமும் சொல்வதுதான். இந்த ஊரில் யார் டெய்லரிடம் உடம்பைக் காட்டி அளவு கொடுக்கிறார்கள்? வீட்டிலிருந்து அளவு ஜாக்கெட் கொண்டு வருவார்கள். மேஜையில் விரித்துப் போட்டு, கால் இன்ச் கூட்டி, அரை இன்ச் குறைத்து வெட்டிவிடுவேன். பன்னிரண்டு வருடத்தில் நான் ஆளைத் தொட்டு அளந்தது இருபது பேர் தேறாது. டெய்லர் கை பட்டாலே அவர்களுக்குக் கூச்சம். என் கை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஜூன் 24

அளவுக்கு ஒன்று கொண்டு வந்தான். நெஞ்சை அமுக்குவதற்கென்றே விற்கிற கறுப்பு பாடி. ஆன்லைனில் வாங்கினதாம். துவைத்துத் துவைத்துச் சாயம் போயிருக்கிறது. பழசு, எலாஸ்டிக் தளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அரை இன்ச் குறைத்தே வெட்டினேன். ஹூக் வைக்கவில்லை. சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரியும். தலை வழியாகப் போட்டுக்கொள்கிற மாதிரி, தையலே தெரியாமல் முடித்துவிட்டேன். என் வேலை எனக்கே பிடித்திருக்கிறது.

ஜூன் 28

திரைக்குப் பின்னால் பத்து நிமிடம். முக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றான். பக்கவாட்டில் திரும்பினான். மறுபக்கம் திரும்பினான். "சட்டை நேரா வுழுதுக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அந்த முகத்தை நான் பார்த்தேன்.

"மூச்சு உட முடியுதாடா?"

"முடியுதுக்கா. கொஞ்சம் டைட்டு. டைட்டா இருந்தாத்தான் நம்பிக்கையா இருக்குது."

எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று சிரித்தேன். வலித்தால்தான் சரியாகக் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஜூலை 13

அனுஷா வீட்டு மாடியில் ஒத்திகை. பாட்டு நின்றதும் செந்தமிழன் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். என்னவென்று கேட்டேன். "பஸ் ஸ்டாண்டுலருந்து ஓடியாந்தேங்க்கா" என்றான். வெயில் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜூலை 26, சனி

எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு வேண்டாம்.

ஜூலை 30

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, வல்லம் தாண்டி ஒரு ஊரில் ஆடித் திருவிழா. சாயங்காலம் ஆறு மணிக்கே ஆட்டம். நான் ஏன் போனேன்? பெருமைக்கு. ஏழு பேரும் நான் தைத்ததைப் போட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்க்கப் போனேன்.

மூன்றாவது பாட்டில் செந்தமிழன் வரிசையாக மூன்று முறை எகிறினான். இறங்கினவன் அப்படியே நின்றான். பிறகு முட்டி போட்டான். ஜனம் கை தட்டியது, அதுவும் ஆட்டம் என்று நினைத்து. உதடு கறுத்திருந்தது முன்வரிசையிலிருந்த எனக்குத்தான் தெரிந்தது.

மேடையில் ஏறினேன். வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், காற்று உள்ளே போகவில்லை. அனுஷா சட்டைப் பட்டனைப் பிய்த்தாள். உள்ளே நான் தைத்தது. வேர்வையில் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இழுத்தால் வரவில்லை. கையைத் தூக்க முடியாமல் துடிக்கிறான். ஒரு ஹூக் இல்லை, ஒரு பட்டன் இல்லை. நான்தான் வைக்கவில்லையே. தையலே தெரியாமல் அல்லவா தைத்திருந்தேன்.

என் பையில் எப்போதும் கத்திரிக்கோல் இருக்கும். கழுத்திலிருந்து அடிவரைக்கும் வெட்டினேன்.

மூச்சை இழுத்தான் பாருங்கள் — யாரிடம் சொல்கிறேன் — அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மேடை லைட்டைப் பார்த்தான். "மூடுக்கா" என்றான். "மூடு, மூடுக்கா."

என் புடவையை உருவி அவன்மேல் போட்டேன். நான் பாவாடையோடு நின்றேன். விசில் அடித்தார்கள். அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதற்குள் எத்தனை போன் உயர்ந்துவிட்டது! எத்தனை போன்! மூடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் விலா எலும்பில் ஒன்று விரிசல் என்றார்கள். ஒரே நாளில் வந்ததில்லையாம், ஒரு மாதமாக அமுங்கி அமுங்கி வந்தது என்றார்கள். வெட்டிய துணியை நர்ஸ் தூக்கிப் பிடித்து, "இத யாரு தெச்சிக் குடுத்தது?" என்று கேட்டாள். நான்தான் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 3

அனுஷா இன்று சொன்னாள். அளவுக்குக் கொண்டு வந்த அந்தக் கறுப்பு பாடி அவனுடையதே இல்லையாம். பாண்டிச்சேரியில் இவனைப் போல ஒரு சிநேகிதன், ஒல்லிப் பையன், அவன் போட்டுப் பழசானதைக் கொடுத்தானாம். புதுசு வாங்க வேண்டுமானால் நெஞ்சளவு எடுத்து அனுப்ப வேண்டும். "குளிக்கும்போது கூட கீழ குனிஞ்சி பாக்காத புள்ளடி. அது எப்பிடி டேப்ப எடுத்து சுத்திக்கும்?"

வேறு ஒருவனுடைய உடம்புக்குத் தைத்து இவனுக்குப் போட்டிருக்கிறேன். அதிலும் அரை இன்ச் குறைத்து.

சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஒரு வார்த்தை, 'இது என்னுது இல்லக்கா' என்று. அவன்மேல் எவ்வளவு கோபம் வருகிறது தெரியுமா எனக்கு. ஒரு மணி நேரம் மனசுக்குள் அவனைத் திட்டினேன். பிறகு திட்ட ஆளில்லாமல் போயிற்று. நான் ஏன் கேட்கவில்லை? கூச்சத்தை மதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே விட்டேன். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 7

வீடியோ அவன் வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணன் தோமினிக் இரண்டு பேரோடு வந்து அனுஷா வீட்டிலிருந்து இழுத்துப் போய்விட்டான். விலாவில் கட்டோடு. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனானாம். "என்னத் திரும்பிப் பாத்துட்டாவது போயிருக்கலாம்டி" என்று அனுஷா அழுகிறாள்.

ஆகஸ்ட் 8

போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஆகஸ்ட் 11

ஸ்விட்ச் ஆஃப்.

ஆகஸ்ட் 19

வெட்டின துணியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்திருந்தேன். இன்று மேஜையில் விரித்துப் போட்டு அளந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, டேப்பை என் நெஞ்சில் சுற்றி மூச்சை விட்டேன். முப்பத்தெட்டு. மூச்சை இழுத்தேன். நாற்பது.

ரெண்டு இன்ச். ஒரு மனுஷருக்கு மூச்சு விட ரெண்டு இன்ச் வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாகக் கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டு திரிகிறேன், இது எனக்குத் தெரியாது. ஜாக்கெட் மூச்சு விடாது. அதைத்தானே நான் அளந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 11

திண்டிவனத்திலிருந்து செந்தமிழனைப் போலவே இரண்டு பேர் கேட்டு வந்தார்களாம். அனுஷா தூது வந்தாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அனுஷாவின் குழுவுக்கும் கீழ்ப்பக்கத்து உடைகள் இனிமேல் தைக்கப் போவதில்லை. "பழையபடி பிளாஸ்திரி ஒட்டிக்கிறோம், வுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகட்டும். பிளாஸ்திரி யாரையும் கொன்றதில்லை.

செப்டம்பர் 28

இன்றைக்கு எதுவும் இல்லை. ஏழு ஜாக்கெட். சாப்பிடத் தோன்றவில்லை.

அக்டோபர் 8, புதன்

தீபாவளி நெரிசல். மேஜை தெரியாத அளவுக்குத் துணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மஞ்சள் பையிலிருந்து மூன்று ஜாக்கெட் பிட்டை எடுத்து வைத்தாள். ஒன்று பட்டு.

"பொண்ணுக்குக் கல்யாணம்மா. அடுத்த மாசம் அஞ்சாந்தேதி. வர ஞாயித்துக்கெழம கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. மூணு ஞாயிறு வாசிச்சப்பறம்தான் கல்யாணம்."

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். பெண்ணின் பேரையும் சொன்னாள், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த அதே பேர். அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பில்லில் ராயம்மாள் என்று அந்த அம்மாவின் பேரையே எழுதிக்கொண்டேன்.

"செஞ்சில எத்தினியோ கட இருக்குது. இந்தக் கடையிலதான் தெக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. வேற எங்க தெச்சாலும் போட மாட்டேன்னுது. ரெண்டு மாசமா வாயே தொறக்கல. தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்."

என்னிடம்தான் அனுப்பியிருக்கிறான் செந்தமிழன். எலும்பை உடைத்தவளிடம்.

அளவுக்கு ஒரு ஜாக்கெட்டையும் எடுத்து வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவு விழாவில் கட்டின புடவைக்குத் தைத்ததாம். வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பேன்.

"இது ஆவாதும்மா. அஞ்சு வருசத்து ஜாக்கெட்டு. ஆளு வரணும். ஆள அளக்காம நான் வெட்ட மாட்டேன்."

ஜாக்கெட்டை மறுபடி பைக்குள் வைத்தாள். "கூட்டியாரேன்" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து நேராக வந்தார்கள். செந்தமிழன் சுடிதாரில். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருந்தார்கள். கழுத்துவரை வளர்ந்த முடியில் ஊசி குத்திக் குத்தி மல்லிகைப்பூ. மெலிந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராயம்மாள் திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடையில் இரண்டு முழம்கூட இருக்காது. உள்ளே நாங்கள் இரண்டு பேர்.

டேப்பை அவன் கையில் கொடுத்தேன். "நீயே சுத்திக்கோடா, நான் நெம்பர் மட்டும் பாக்குறேன்" என்று கிசுகிசுத்தேன். வாங்கினான். சுருளைப் பிரிக்கக்கூட முடியவில்லை. திருப்பிக் கொடுத்தான். "நீயே எடுக்கா." கண்ணை மூடிக்கொண்டு கைகளைத் தூக்கினான்.

மூச்சை விடச் சொன்னேன். முப்பத்து மூன்று. இழுக்கச் சொன்னேன். வலித்தது போல, முகம் சுருங்கியது, ஆனாலும் இழுத்தான். முப்பத்தைந்து. "ஆடுற மாதிரி உக்காரு." அரைமண்டி போட்டான். மூன்று மாதம் கழித்தும் முதுகு நேராக நின்றது. அதிலும் அளந்தேன். எந்தக் கல்யாண ஜாக்கெட்டுக்கும் அரைமண்டியில் அளவெடுக்க மாட்டார்கள். திரைக்கு வெளியே கேட்டிருக்கும்.

"காத்தால கோயில்ல அந்தப் பேரப் படிச்சாங்க்கா" என்றான், காதில். "எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வேற யாருக்கோ கல்யாணம்னு உக்காந்துனு இருந்தேன்."

"என்ன மன்னிச்சிடுடா."

"அது என்னுது இல்லன்னு நான் சொல்லிருக்கணும்க்கா." பிறகு, "முன்னாடி தொறக்குற மாதிரி ஒண்ணு தெச்சிக் குடு" என்றான்.

எதற்கென்று கேட்டேன். எங்கே போகப்போகிறாய் என்று கேட்டேன். "முடிஞ்சிதாம்மா?" என்று வெளியிலிருந்து ராயம்மாள் குரல் வந்தது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அக்டோபர் 15

கத்திரிக்கோலை எடுக்கிறேன், வைக்கிறேன். இரண்டு மீட்டர் வலைத்துணி பாழ். மூன்று கல்யாண ஜாக்கெட்டையும் முதலில் முடித்து மாட்டிவிட்டேன். அதெல்லாம் கை தானாகத் தைக்கிறது. இது மட்டும் முடியவில்லை.

இதுவும் தப்பாகப் போனால்? போகும். என் கை ராசி அப்படி. சரியாக வந்தால் மட்டும் என்ன? அதைப் போட்டுக்கொண்டு எங்கேயோ போவான். வீட்டைவிட்டுப் போனவர்கள் எங்கெங்கே முடிந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானே எண்ணி ஆறு பேரைப் புதைத்திருக்கிறேன். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னை நம்பிப் பட்டுத்துணி கொடுத்திருக்கிறாள். அவள் பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்க ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். தைக்காமல் விட்டால் ஐந்தாம் தேதி அவனுக்குத் தாலி கட்டிவிடுவார்கள்.

யாராவது என்னைச் செய்யாதே என்று சொன்னால் தேவலை. யாரும் இல்லை.

அக்டோபர் 17

முடிந்தது. நெஞ்சுக்கு நேரே மட்டும் இழுபடாத துணி. முதுகிலும் பக்கத்திலும் லைக்ரா, மூச்சுக்கு ரெண்டு இன்ச் தாராளமாக. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெல்க்ரோ பட்டை, ஒரே இழுப்பில் பிய்த்துத் திறக்கலாம். யாரும் கத்திரிக்கோலோடு கிட்டே வரத் தேவையில்லை.

இத்தனை வருடமாக முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட்தான் தைக்கிறேன். அவனுக்கு மட்டும் ஏன் வைக்காமல் போனேன், பாவி.

அக்டோபர் 18, சனி

அவன் வரவில்லை. ராயம்மாள் மட்டும் வந்தாள். "வெளிய உட மாட்டேன்றான் பெரியவன்."

அவன் கையில் கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். என்ன செய்வேன்? பட்டு ஜாக்கெட்டை மடித்தேன். லைனிங் துணியில் சுற்றி வைத்திருந்ததை அடியில் வைத்து, ஜாக்கெட்டை மேலே வைத்து, பையில் போட்டேன். "போட்டுப் பாத்து சொல்லட்டும்மா. மீதி ரெண்டு அப்பறம் தரேன்."

பையை வாங்கினவள் ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். படியிறங்கினாள். நான் செய்தது சரியா? பெத்தவள் கையாலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் பிரித்துப் பார்ப்பாள். தோமினிக்கிடம் காட்டுவாள். என்னால் அவன் மறுபடி அடி வாங்குவான்.

அக்டோபர் 20

தீபாவளி. வெடிச் சத்தத்தில் போன் மணி கேட்காமல் போய்விடுமோ என்று கையிலேயே வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று மூன்றாம் ஓலை வாசித்திருப்பார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

அக்டோபர் 30

தோமினிக் கடைக்கு வந்தான். "எங்கடி வெச்சிக்கினு கீற?" திரையை இழுத்துக் கிழித்தான், பீரோவைத் திறந்து பார்த்தான். கீழே பாத்திரக்கடை துரைராஜ் முதலாளி மேலே வந்து அதட்டின பிறகுதான் போனான். நேற்று காலையிலிருந்து செந்தமிழன் வீட்டில் இல்லையாம்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். நிஜமாகவே தெரியாது. சாயங்காலம் அனுஷாவுக்கு ஏதோ புது நம்பரிலிருந்து ஒரு போன். "வந்துட்டேங்க்கா" என்றானாம், கட்டாகிவிட்டதாம். எங்கே வந்துவிட்டான்? திருப்பிக் கூப்பிட்டால் டீக்கடைக்காரர் ஒருவர் எடுக்கிறார். பையன் போய்விட்டான் என்கிறார். எந்த ஊர் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாராம். மறுபடி எடுக்கவில்லை.

கையில் என்ன இருக்கும்? எங்கே படுப்பான்?

நவம்பர் 3

நேற்று கல்லறைத் திருநாள். பூ வாங்கிப் போகிற கூட்டத்தைப் பார்க்கவே பிடிக்காமல் கடையைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். இன்றும் போன் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

கல்யாணம் நடந்திருக்க வேண்டியது முந்தாநாள்.

பதினோரு மணிக்கு ராயம்மாள் வந்தாள். எழுந்து நின்றுவிட்டேன். காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். முழுச் சொம்பும் குடித்தாள்.

"அந்த வீடியோவ பெரியவன் எங்கிட்ட காட்டுனான்" என்றாள். "எம்புள்ள மேல பொடவைய அவுத்துப் போட்டுட்டு ஒருத்தி நின்னா. அது நீதான்னு மொத நாளு மேல ஏறி வந்தப்பவே தெரியும்."

சொம்பை வாங்கி வைத்தேன்.

"பையில அடியில இருந்தத வூட்டுக்குப் போயி பாத்தேன். பெரியவன் கண்ணுல படாம அரிசி மூட்டைக்குள்ள வெச்சிருந்தேன். எட்டு நாளு வெச்சிருந்தேம்மா. குடுக்கலாமா வேணாமான்னு. குடுத்தா போயிடும்னு எனக்குத் தெரியாதா?" முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவது ஓலை வாசிச்சப்போ பக்கத்துல உக்காந்துனு இருந்துது. அழுவக்கூட இல்ல. மூச்சே இல்லாத மாதிரி இருந்துது. வந்து எடுத்துக் குடுத்துட்டேன்."

கிழிந்த திரையைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள்.

"அதப் போட்டுக்கினா நெஞ்ச அடைக்காதில்ல?"

"அடைக்காதும்மா. உக்கார வெச்சி, நிக்க வெச்சி, மூச்ச இழுக்க வெச்சி அளந்தது."

"கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றாள்.

போன் வந்ததா என்று கேட்டாள். ஒரே ஒரு தடவை, வந்துட்டேன் என்று மட்டும் சொன்னதாகச் சொன்னேன். "சாப்டுச்சாமா?" என்றாள். அதைக் கேட்பதற்குள் கட்டாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பொய்தான். நம்பினாளா தெரியாது.

பிறகு பையிலிருந்து பட்டு ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மாட்டியிருந்த மற்ற இரண்டையும் கை காட்டினாள். மூன்றையும் தன் அளவுக்குப் பிரித்துத் தைத்துத் தரச் சொன்னாள். துணி வீணாகக் கூடாதாம். பத்தாதும்மா, பக்கத்தில் வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டால்தான் முடியும், நாளாகும் என்றேன்.

"ஆவட்டும். ஒவ்வொண்ணா குடு. மொத ஒண்ணுக்கு பொதங்கெழம வரேன். அதுக்குள்ள போன் வந்தா வெச்சிடாத. எந்த ஊருன்னு கேளு."

படி வரைக்கும் கூடப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திண்டிவனத்துப் பிள்ளைகள் இரண்டு பேரையும் நேரில் வரச் சொல்லி அனுஷாவிடம் சொல்லிவிட்டேன். பட்டு ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.